மேல்முடி

புலாவ் தீக்குஸ் ஊரிலுள்ள வீட்டின் பின்கட்டில் விரித்த பழைய பேப்பர்மேல் குட்டு என்ற சுருட்டைமுடி நாய் நிற்கிறது. மகள் வருகிறாள் என்று கிளாடிஸ் நேற்றுக் குளிப்பாட்டியதில் பஞ்சு மூட்டைபோல உப்பியிருக்கிறது. கம்பிக் கதவு வழியாக வரும் வெயில் அதன் முதுகில் கட்டம் கட்டமாக விழுகிறது. சிங்கப்பூரில் வேலை செய்யும் நவோமி, அம்மாவிடம் விட்டுப்போன தன் நாயின் முடிக்குள் சீப்பை விடுகிறாள். சீப்பு பாதியிலேயே நின்றுவிடுகிறது. முடியைப் பிளந்து பார்த்தால், தோலோடு ஒட்டிக் கம்பளிபோல ஒரே சிக்கு. "மம்மி, தினமும் சீவுனீங்களா இல்லையா?" "சீவுனேன்லா. போட்டோ அனுப்புனேனே, பாக்கலியா?" "போட்டோவுல மேல்முடிதான் தெரியும். சிக்கு எடுக்காம குளிப்பாட்டி வேற விட்டிருக்கீங்க, அதான் இறுகிப்போச்சு." நாற்காலியிலிருந்து அப்பா ஆரோக்கியநாதன் சிரிக்கிறார். "ஒங்கம்மா வீடு கூட்டுற மாதிரிதான். பாய்க்கு மேல மட்டும்." நவோமி கத்தரியை எடுக்கிறாள். காதுக்குப் பின்னால் கத்தரி இறங்குகிறது. முடி ஒரே தகடாகப் பெயர்ந்து வர, அடியில் தோல் சிவந்து கசிகிறது. எதிரே முக்காலியில் இருக்கும் கிளாடிஸ் கையிலுள்ள துண்டை மடிக்கிறாள், பிரிக்கிறாள், மறுபடி மடிக்கிறாள். "இழுத்தா கத்துச்சுடி. பாவமா இருந்துச்சு. அதான் உள்ள விட்டுச் சீவல..." அடுத்த வெட்டுக்குக் குட்டு அலறிக்கொண்டு, வழக்கம்போல கிளாடிஸின் மடியில் பாய்ந்து முகத்தைப் புதைக்கிறது. "பிடிச்சுக்கோங்க மம்மி, விட்டுறாதீங்க." கிளாடிஸ் இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடிக்கிறாள். நாய் நிமிர்ந்து அவளைப் பார்க்கிறது. அவள் சுவரைப் பார்க்கிறாள்.