காட்டுக்குள் அனுப்பியவர்

“எம் பொண்ணைப் படிக்க அனுப்பினேனா, களை பிடுங்க அனுப்பினேனா?”

அந்த அம்மா போட்ட சத்தத்தில் தலைமையாசிரியைக்கு முகம் சுண்டிப்போனது.

பள்ளி மைதானத்தின் மூலையில் அவர் ஆசை ஆசையாக வளர்க்கும் குட்டிக் காடு அது. இந்த மண்ணிலேயே விளையும் மரங்களாகப் பார்த்து, தோளோடு தோள் உரச நெருக்கி நட்டது. அதைப் போய் ஜெயிலாக்கிவிட்டாரே இந்த பி.டி. மாஸ்டர்!

உடனே மாஸ்டரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“விளையாட்டு பீரியட் வந்தாலே இவளைக் காட்டுக்குள்ள விரட்டுறீங்களாமே?”

“ஆமா மேடம். வரிசையில பேசினா.”

“யாரு, இவளா? வாயில விரலை வெச்சாக்கூடக் கடிக்கத் தெரியாது இவளுக்கு!” என்று பாய்ந்தார் அம்மா.

மாஸ்டர் சிறுமியைப் பார்த்தார். அவள் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டாள்.

“தப்புதான் மேடம்” என்றார்.

நிர்வாகத்திடம் சொல்லி, ஊர்க்கோடியில் இருந்த இன்னொரு கிளைக்கு அவரை மாற்றவைத்தார் தலைமையாசிரியை. மாஸ்டர் சொல்லிக்கொள்ள வந்தபோது நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கொஞ்ச நாளில் அவர் வேலையையே விட்டுவிட்டதாகக் காதில் விழுந்தது. ‘போகட்டும்’ என்றிருந்துவிட்டார்.

மழை ஓய்ந்து, மரங்கள் மதிலைத் தாண்டிவிட்டன. அதைப் பார்க்கத்தான் அன்று மைதானத்துக்கு வந்தார்.

புது மாஸ்டர் டீம் பிரித்துக்கொண்டிருந்தார். இரண்டு கேப்டன்களும் மாறி மாறிப் பெயர் சொல்ல, பிள்ளைகள் ஒவ்வொருவராக ஓடினார்கள். கடைசியில் அந்தச் சிறுமி மட்டும் நின்றாள்.

“இவளை நீயே வெச்சுக்கோ.”

“ஐயோ, எங்களுக்கு வேணாம்ப்பா!”

ஒரே சிரிப்பு.

தலைமையாசிரியை அவளைத் தனியே அழைத்துப் போனார்.

“எப்பவும் இப்படித்தானா?”

“பழைய சார் இருந்தப்ப இல்ல மேடம். டீம் பிரிக்கிறதுக்கு முன்னாடியே என்னைத் திட்டிக் காட்டுக்குள்ள அனுப்பிடுவார். நான் பெரிய வாலுன்னு எல்லாரும் நெனச்சாங்க.”

சொல்லும்போதே அவள் முகத்தில் சின்னதாக ஒரு பெருமை வந்து போனது.

“அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா?”

“யாருமே சேர்த்துக்கலன்னு தெரிஞ்சா அம்மா அழுவாங்க. சாருக்கும் அது தெரியும்.”



மைதானத்தில் விசில் ஊதினார்கள். சிறுமி அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“மேடம், இன்னிக்கு நீங்க திட்டி அனுப்புறீங்களா? கொஞ்சம் சத்தமாத் திட்டுங்க... எல்லாருக்கும் கேக்கணும்.”