மடியில் மல்லிகை

பொட்டலத்தைத் தாவணி மடியில் செருகிக்கொண்டுதான் பெருமாயி வார்டுக்குள் நுழைந்தாள்.

வாழையிலைப் பொட்டலம். உள்ளே ரெண்டு கை மல்லிகை. வத்தலக்குண்டிலிருந்து முதல் பஸ்ஸில் மலை ஏறி வந்தது. இலையின் ஈரம் வயிற்றில் சில்லென்று பட்டது.

ஆத்தா வீரம்மாள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, டம்ளரில் தாய்ப்பாலைப் பிழிந்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

தம்பி ஏழாம் மாசத்திலேயே பிறந்துவிட்டான். மாரில் வாய் வைத்து உறிஞ்சத் தெம்பில்லை. வராந்தாக் கடைசி அறையில், பல்பு எரியும் பெட்டிக்குள் கிடந்தான். ஆத்தாவுக்கோ பிள்ளை பெற்றதிலிருந்து காய்ச்சல். எழுந்து போய்ப் பார்க்க விடவில்லை. அவள் எடுத்துத் தரும் பாலைப் பெருமாயி கொண்டுபோவாள். நர்சம்மா பாலாடையில் ஊற்றிச் சொட்டுச் சொட்டாகப் புகட்டுவாள்.

நேற்று விடியும்போது தம்பி போய்விட்டான்.

அய்யாதான் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார். "காய்ச்சல் எறங்கட்டும். அதுவரைக்கும் ஆத்தாகிட்ட மூச்சு விடாத."

பெருமாயி மூச்சு விடவில்லை. ஆத்தா கொடுத்த டம்ளரை வாங்கிக்கொண்டு போனாள். காலி டம்ளரோடு திரும்பி வந்தாள்.

"குடிச்சானா?"

"குடிச்சான்த்தா."

"மிச்சம் வச்சானா?"

"வைக்கலத்தா."

"அப்படியே ஒங்கய்யா. சட்டியக் கவுத்துட்டுத்தான் எந்திரிப்பான்."

ஆத்தா சிரித்தாள். நேற்று முழுக்க இதே பேச்சு.

இன்றைக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. அய்யா உள்ளே வரவில்லை. கேட்டுக்கு வெளியே நின்றபடி பொட்டலத்தை நீட்டினார். நகக்கண்ணில் இன்னும் மண் இருந்தது.

"ஆத்தாகிட்டக் குடு. பாத்ததும் தெரிஞ்சுக்கிருவா. என் வாயால சொல்ல வரல தாயி."

பிள்ளை செத்துப்போனால் தாயின் மாரில் மல்லிகையை வைத்துக் கட்டுவார்கள். ரெண்டு மூணு நாளில் பால் வற்றிவிடும். அவர்கள் ஊர் பூண்டியில் அது எல்லாப் பொம்பளைக்கும் தெரியும். பதினைந்து வயசுப் பெருமாயிக்கும் தெரியும்.

அதனால்தான் அவளால் கொடுக்க முடியவில்லை.

ஆத்தா டம்ளரை நீட்டினாள். நேற்றைவிடக் கூடவே இருந்தது.

"வெரசாக் கொண்டு போ. ஆறிரும்."

பெருமாயி குனிந்து வாங்கினாள். ஆத்தாவின் கை டம்ளரை விடவில்லை.

"பூ வாசம் வருதே."

பெருமாயி ஒரு கையால் மடியை இறுக்கிப் பிடித்தாள்.

ஆத்தா வார்டைச் சுற்றிப் பார்த்தாள். யார் தலையிலும் பூ இல்லை. மகளின் தலையைப் பார்த்தாள். பிறகு மடியை. தாவணியில் ஈரம் வட்டமாகப் படர்ந்திருந்தது.

"ஒங்கய்யா குடுத்தாரா?"

தலை மட்டும் அசைந்தது.

"என்னைக்கு?"

"நேத்து விடியக்காலம்."

ஆத்தாவின் கை டம்ளரிலிருந்து நழுவியது. அவள் அழவில்லை. ரவிக்கையின் ஒரு பக்கம் தானாக நனைந்துகொண்டே வந்தது. கம்பளியை இழுத்து அதை மூடிக்கொண்டாள்.

ஜன்னலுக்கு வெளியே மரங்களைப் பனிமஞ்சு மறைத்துவிட்டிருந்தது.

"அப்ப நேத்தெல்லாம் குடிச்சது யாருடி?"

இந்தக் கேள்விக்குத்தான் பெருமாயி நேற்றிலிருந்து பயந்து கிடந்தாள்.

"பக்கத்துப் பெட்டியில ஒரு பொம்பளப் பிள்ள கெடக்குத்தா. சிலோன்லருந்து வந்தவுக பிள்ள. பெத்த அன்னைக்கே அதோட ஆத்தா செத்துப்போச்சாம். நேத்து நான் பாலோட போறேன், தம்பி பெட்டியில லைட்ட அணச்சிருந்தாக. அந்தப் பிள்ள வாயத் தொறந்து தொறந்து மூடுச்சு. நர்சம்மாகிட்ட டம்ளர நீட்டிட்டேன். ஒன்னயக் கேக்காமக் குடுத்துட்டேன்த்தா."

வீரம்மாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். முதுகு மட்டும் குலுங்கியது.

டம்ளரைக் கொண்டுபோவதா, அங்கேயே வைப்பதா என்று தெரியாமல் பெருமாயி நின்றாள். பால் ஆறிக்கொண்டிருந்தது.

சுவரைப் பார்த்தபடியே ஆத்தா சொன்னாள்.

"மொதல்ல அந்தப் பூவக் கொண்டுபோயி வெளிய போடு. வாசம் பட்டாக்கூடப் பால் வத்திரும்."