வியட்நாம் நடவு

முழங்கால் வரை சேறு. இடது கையில் நாற்றுமுடி. தலையில் கூம்புத் தொப்பி. போனில் வந்த படத்தில் சிரித்துக்கொண்டு நிற்பது சாட்சாத் துரைராசுவின் ஒரே மகன் சூர்யபிரகாஷ்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நாற்பத்திரண்டு பேர். எட்டு மணிக்குப் படம் வந்தது. எட்டு ஐந்துக்கெல்லாம் பங்காளி கண்ணுசாமியின் குரலும் வந்துவிட்டது.

"என்னண்ணே, நம்ம பய வியட்நாமுக்கு நடவு கூலிக்கா போயிருக்கான்? சொல்லியிருந்தா என் வயலுக்கே கூப்பிட்டிருப்பேனே, இங்க ஆளு கெடைக்கல!"

கூடவே நான்கு சிரிப்புப் பொம்மைகள்.

துரைராசு அப்போது மன்னார்குடிக்குத் தெற்கே தன் வயல் வரப்பில் நின்றுகொண்டிருந்தார். சம்பா நடவு. பீகாரிலிருந்து வந்த பதினோரு பேர் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வயலில் சூர்யபிரகாஷ் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. வைக்க விட்டால்தானே? சேற்றில் இறங்கினால் காலை ஒடிப்பேன் என்று மிரட்டி மிரட்டியே அவனைக் கம்ப்யூட்டர் படிக்க வைத்தவர் இவர்.

பத்து நாள் லீவு என்று சொல்லி, முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு பையன் தனியாகக் கிளம்பியபோதே அவருக்கு மனசு சரியில்லை. வெளிநாடு என்றால் வேலைக்குப் போவார்கள். ஒரு ஆளைக்கூடத் தெரியாத தேசத்துக்குச் சும்மா எவனாவது போவானா?

முதல் நாள் வந்த படத்தில் அடுக்குக் கட்டில்கள், ஒரே அறையில் பத்துப் பேர். இரண்டாம் நாள் ரோட்டோரம் குட்டி பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிடுகிறான். மூன்றாம் நாள் சேறு.

அவ்வளவுதான், விஷயம் விளங்கிவிட்டது. சென்னையில் வேலை போயிருக்கிறது. சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு எவனோ ஏஜென்ட்டிடம் போய் மாட்டிக்கொண்டிருக்கிறான்.

நடவை அப்படியே விட்டுவிட்டு வண்டியை எடுத்தார். டீக்கடையில் யாரோ "மலேசியாக்காரரே!" என்று கூப்பிட்டார்கள். காதில் விழாதது மாதிரி ஆக்சிலேட்டரை முறுக்கினார்.

பன்னிரண்டு வருஷம் மலேசியாவில் சம்பாதித்து, வயல் வாங்கி, மாடி கட்டிய மனிதர். அந்தப் பெயருக்கு ஊரில் ஒரு மரியாதை உண்டு. பிள்ளையால் மானம் சந்தி சிரிக்கிறதே என்று முதலில் கோபம்தான் வந்தது. வீடு வந்து சேர்வதற்குள் அந்தக் கோபம் கரைந்து பயமாகிவிட்டது.

மனைவி தர்மாம்பாள் ஏற்கெனவே மகனுக்கு வீடியோ கால் போட்டிருந்தாள். ஒரு கையில் போன், மறு கையில் கண்ணைத் துடைக்கும் முந்தானை. திரையில் அதே தொப்பி, அதே சேறு.

"மறைக்காதய்யா தம்பி. வேல போயிடுச்சா?" என்று கேட்டார் துரைராசு.

"ஐயோ அப்பா! சுத்திப்பாக்க வந்திருக்கேன்ப்பா. டூரிஸ்ட்டுக்குன்னே இத நடத்துறாங்க. நட்டுப் பாக்குறதுக்கு நான்தான் காசு குடுத்திருக்கேன்."

அடப்பாவி, நாற்று நடக் காசு கொடுக்கிறவன் உலகத்தில் உண்டா? பொய் சொல்வதற்கும் ஒரு பொருத்தம் வேண்டாமா?

பையன் மறுபடியும் சிரித்தான். அந்தச் சிரிப்பைத்தான் துரைராசுவால் தாங்க முடியவில்லை. மொழி தெரியாத ஊரில், போன மூன்றாம் நாள் எவனும் தனக்காக அப்படிச் சிரிக்க மாட்டான். வீட்டில் பார்க்கிறவர்களுக்காகத்தான் சிரிப்பான். அது அவருக்கு நன்றாகத் தெரியும்.

பக்கத்தில் யார் இருக்கிறார்கள், போன் யார் கையில் இருக்கிறது என்பதெல்லாம் மறந்துபோயிற்று. பிள்ளை வெட்கப்பட்டுக்கொண்டு அங்கேயே கிடந்துவிடக் கூடாது. அது ஒன்றுதான் மனசில்.

"கெளம்பி வந்துரு தம்பி. கூலி வேல ஒண்ணும் கேவலமில்ல. நானும் இப்படித்தான் சொன்னேன், ஓட்டல்ல கல்லாவுல உக்காந்திருக்கேன்னு. பன்னெண்டு வருஷமும் கொல்லப்பக்கம் எச்சித் தட்டு கழுவுனேன்டா. கல்லாவுல உக்காந்தது ஒரே ஒரு நாளு, போட்டோ எடுத்த அன்னைக்கு."

அங்கே சிரிப்பு நின்றது.

சூர்யபிரகாஷ் போனை மெதுவாகத் திருப்பிக் காட்டினான். வயல் முழுக்க வெள்ளைக்காரர்கள். எல்லோர் தலையிலும் அதே தொப்பி. ஒருத்தர் எருமைமேல் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார். ஒருத்தி நாற்றைத் தலைகீழாக, வேர் மேலே தெரிய ஊன்றிவைக்க, மற்றவர்கள் கைதட்டினார்கள்.

பையன் சொன்னது அத்தனையும் நிஜம்.

துரைராசுவுக்கு உடம்பெல்லாம் கூசியது. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொண்டாயிற்று. முப்பது வருஷமாக ஒருத்தருக்கும் தெரியாததை, யாரும் கேட்காமலே தானாக வாயைத் திறந்து கொட்டியாயிற்று. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"சரிய்யா, வெயில்ல நிக்காத," என்று மகனிடம் சொல்லிவிட்டுத் தர்மாம்பாள் போனை அணைத்தாள். அழுகை நின்றிருந்தது. கோபமும் இல்லை. புருஷன் பக்கம் அவள் திரும்பவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கே சட்டம் போட்டு மாட்டிய படத்தில், வெள்ளைச் சட்டையும் சட்டைப்பையில் பேனாவுமாக, இருபத்தாறு வயது துரைராசு கல்லாவில் உட்கார்ந்திருந்தார்.

அவளைப் பெண் பார்க்க அவர் நேரில் வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று அந்தப் படத்தைத்தான் அனுப்பியிருந்தார். அதைப் பார்த்துத்தான் அவள் தலையாட்டினாள்.