மூன்றாவது கல்லுக்குப் பின்னால்

"ராசா கட்டினதா? எந்த ராசா சார் கட்டினான்? எங்க தாத்தா கட்டின செவரு இது!"

பொன்னையா போட்ட சத்தத்தில் லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டார்கள்.

இலங்கை மலையகத்தில், ஹல்துமுல்லைக்கு மேலே இருக்கிற அந்தத் தேயிலைத் தோட்டத்தில் பத்து நாளாகக் கட்டட வேலை நின்றுபோயிருந்தது. பழைய லயத்தை இடித்துவிட்டு, அதே இடத்தில் ஆளுக்கு ஏழு பேர்ச்சஸ் நிலத்தில் தனி வீடு கட்டித் தருவதாகத் தோட்டத்தை நடத்துகிற துரை சொல்லியிருந்தார். ஜேசிபி வந்து லயத்தின் பின்பக்கம் தோண்டியபோது, மண்ணுக்குள்ளிருந்து ஆள் உயரத்துக்கு ஒரு கல் சுவர் வெளிப்பட்டது. மறுநாளே பதுளையிலிருந்து தொல்பொருள் அதிகாரி ஸாஹிர் வந்துவிட்டார். ராசா காலத்துக் கோட்டைச் சுவராக இருக்கலாம், ஆராய்ந்து முடியும்வரை இங்கே ஒரு வேலையும் நடக்கக் கூடாது என்று பலகை நட்டுவிட்டுப் போனார்.

பொன்னையாவுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அறுபத்திரண்டு வருடம் லயத்தின் ஒற்றை அறைக் காம்பராவில் கிடந்து, வீடு என்று ஒன்று வரப்போகிற நேரத்தில் இப்படியா?

"எவன் போன் பண்ணி இவங்கள வரவச்சானோ, அவன் கை அழுகிப் போவட்டும்!" என்று பத்து நாளும் திட்டித் தீர்த்தார்.

"அப்பிடிச் சொல்லாதீங்க" என்பாள் அவர் மனைவி பெரியாயி. துரை பங்களாவில் சமையல் வேலை செய்கிறவள். அதிர்ந்து பேசமாட்டாள்.

இன்றைக்கு ஸாஹிர் சுவரை அளக்க வந்திருந்தார். துரையும் ஒரு ஓரமாக வந்து நின்றார்.

"கோவிக்காதீங்க ஐயா" என்றார் ஸாஹிர். "கல்லைப் பாருங்க. சாந்தே இல்லாம எவ்வளவு அழகாப் பொருத்தியிருக்காங்க. தோட்டத்து ஆக்கள் கொழுந்து பறிக்கத்தானே வந்தாங்க? அவங்களுக்கு இந்த வேலை எப்பிடித் தெரியும்?"

பொன்னையாவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"கொழுந்து மட்டுமா பறிச்சோம்? இந்த மலையில ரோட்டு வெட்டினது யாரு? தண்ணி ஓடக் கான் வெட்டினது யாரு? உங்க ராசாவா வந்து காலையில பெரட்டுல நின்னு பேர் குடுத்தான்? பொறக்க ஒரு காம்பரா, சாக ஒரு காம்பரா. எங்களுக்குன்னு இருக்கிறது இந்தச் செவரு ஒண்ணு. அதையும் எவனோ பேருல எழுதுறீங்களே!"

பெரியாயி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஏங்க, வாங்க போவம். அந்த ஐயா படிச்சவரு. அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"நீயுமா சொல்ற? கையை விடு!"

பக்கத்தில் கிடந்த இரும்பு அலவாங்கைத் தூக்கினார். பெரியாயி அதையும் பிடித்துக்கொண்டாள். அவளை இவ்வளவு பிடிவாதமாக அவர் பார்த்ததேயில்லை. உதறிவிட்டுச் சுவரருகே போனார்.

"ஐயா, தொடாதீங்க!" என்று ஸாஹிர் கத்தினார்.

அதற்குள் தென்மூலையில் கீழிருந்து மூன்றாவது கல்லை நெம்பிவிட்டார் பொன்னையா. பின்னால் கைவிட்டுத் துழாவியபோது, துருப்பிடித்த ஒரு தகரத் துண்டு கையோடு வந்தது.

"இந்தியாவுல இருந்து கூட்டிட்டு வந்தப்போ எங்க தாத்தா கழுத்துல கட்டிவிட்ட துண்டு. இந்த மூணாவது கல்லுக்குப் பின்னால வச்சுத்தான் செவர முடிச்சாருன்னு எங்கப்பா சொல்லுவாரு. படிங்க சார்!"

ஸாஹிர் துடைத்துப் பார்த்தார். தோட்டத்து இலக்கமும் ஆள் இலக்கமும் தெளிவாகவே தெரிந்தன. அவருக்கு முகம் வாடிவிட்டது.

"மன்னிச்சுக்கோங்க ஐயா. நான் அப்பிடிப் பேசியிருக்கக் கூடாது. இது உங்க ஆக்கள் கட்டினதுதான். நூறு வருசம்கூட ஆகியிருக்காது. அப்ப எங்க சட்டம் இதுக்குச் செல்லாது."

அவரே தன் கையால் பலகையைப் பிடுங்கினார். லயத்து ஆட்கள் விசிலடித்தார்கள். ஓரமாக நின்ற துரை வந்து பொன்னையாவின் தோளைத் தட்டினார். பிறகு கையைக் காட்ட, ஜேசிபி உறுமிக்கொண்டு கிளம்பியது.

பொன்னையாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியா? தாத்தா பேரையும் காப்பாத்தியாச்சு. இனி வீடும் வந்துரும்."

பெரியாயி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"எந்த வீடு? தொரைக்குத் தேத்தண்ணி வைக்கப் போனப்போ மேசையில பிளானைப் பாத்தேன். இங்க ஹோட்டல் வருது. நம்ம காம்பரா இருக்கிற எடத்துல நீச்சல் குளம். சொன்னா நீங்க அங்கயே போயி கத்துவீங்கன்னுதான் மறைச்சேன்" என்றவள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ராசா காலத்துச் செவருன்னு பதுளைக்குப் போன் பண்ணினது இந்தக் கைதாங்க."