மாநிலத்திலேயே நல்ல மைதானம்

"அவன் சொன்னதை அப்படியே சொல்லுங்க டுவேன், ஒரு வார்த்தை விடாம," என்றார் துணை ஷெரிஃப் ஹெக்லண்ட்.

"'வழுக்கி விழுந்துட்டேன்டா, கால் போச்சு, எந்திரிக்க முடியல'ன்னான். எங்கடா இருக்கேன்னு கேட்டேன். 'வேற எங்க, நம்ம மாநிலத்துலயே நல்ல மைதானத்துலதான்'னான். அதோட போன் செத்துப்போச்சு. இந்தக் குளிருக்கு எந்த பேட்டரி தாங்கும்?"

மணி மூன்று. வெளியே மைனஸ் இருபது. இன்னும் ஒரு மணி நேரத்தில் பனிப்புயல் வந்துவிடும் என்று மதியமே சாலைகளை மூடியாயிற்று. தீயணைப்பு நிலையத்தில் இருந்தது ஒரே ஒரு பனிவண்டி. செல்போன் கோபுரம் காட்டிய வட்டத்துக்குள் சங்கிலிக் கூடைக்குள் தட்டு எறிந்து ஆடும் டிஸ்க் கோல்ஃப் மைதானங்கள் மூன்று, மூன்றும் மூன்று திசையில். ஏதாவது ஒன்றுக்குத்தான் போக நேரமிருந்தது. தப்பான இடத்துக்குப் போனால், விழுந்து கிடக்கும் ராய்ஸ் விறைத்துப் போவான்.

"கல்லுமேடுதான், சந்தேகமே வேண்டாம்," என்றான் ராய்ஸின் நண்பன் டுவேன். "வருஷா வருஷம் மினசோட்டா மைதானத்தையெல்லாம் வரிசைப்படுத்தி எழுதுறானே, எட்டு வருஷமா அதுதான் முதலிடம்."

"எழுதுறது வேற, ஆடுறது வேற," என்றாள் மார்லிஸ். அவள் ராய்ஸின் தங்கை. கோட்டுப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடி வந்திருந்தாள். "கல்லுமேடு மொட்டைப் பாறை. இந்தக் காத்துல தட்டை எறிஞ்சா பக்கத்து ஊர்ல போய்த்தான் எடுக்கணும். எங்கண்ணன் கிறுக்கன்தான், முட்டாள் இல்ல. இரட்டை ஏரிக்குத்தான் போயிருப்பான்."

"இரட்டை ஏரியா! கூடையில சங்கிலியெல்லாம் துருப்பிடிச்சுத் தொங்குது. அதைப் போய் அவன் வாயால நல்ல மைதானம்னு சொல்வானா? நீ அவன்கிட்ட பேசியே எட்டு வருஷமாச்சு. உனக்கு என்ன தெரியும்?"

மார்லிஸின் முகம் சிவந்தது. ஊருக்கே தெரிந்த கதைதான். மூன்றாவது மைதானமான நரிப்பள்ளம் அவள் கையால் உருவானது. காட்டைத் திருத்தி, நின்று எறிய மேடை கட்டி, பதினெட்டு சங்கிலிக் கூடைகளையும் அவளே நட்டாள். அந்த வருஷப் பட்டியலில் ராய்ஸ் அதைக் கடைசியில் போட்டு, 'புதருக்குள் பதினெட்டு கூடை' என்று ஒரு வரியும் எழுதி வைத்தான். அன்றோடு பேச்சு நின்றது. எழுதியதைத் திருத்திக்கொள்கிற வழக்கம் அந்த வீம்புக்காரனுக்குக் கிடையாது. அடுத்த வருஷமும் கடைசி, அதற்கடுத்த வருஷமும் கடைசி.

"அந்தப் புதர்லதான் பனிக்காலத்துலயும் ஆளுங்க ஆடுறாங்க," என்றாள் வெடுக்கென்று. "உன்னோட கல்லுமேட்டுல மேடை எங்கன்னு தோண்டித்தான் பாக்கணும். என்னோடதுல பனி கொட்டின மறுநாளே கவுண்டி நிர்வாகத்து ஆளுங்க வந்து எல்லா மேடையையும் வழிச்சு வெச்சிடுறாங்க."

ஹெக்லண்ட் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அதை விழுங்கிக்கொண்டார். "சண்டையை அப்புறம் வெச்சுக்கங்க. எனக்கு ஒரே ஒரு பேர் வேணும்."

"கல்லுமேடு!"

"இரட்டை ஏரி!"

"போன்ல வேற ஏதாவது சத்தம் கேட்டுதா டுவேன்? காத்து, தண்ணி, ஏதாவது?"

டுவேன் கண்ணை மூடி யோசித்தான். "காத்து இல்ல. மணி ஒண்ணு கேட்ட மாதிரி இருந்தது. சர்ச் மணியா இருக்கும்."

"செவ்வாக்கிழமை மூணு மணிக்கு ஏது சர்ச் மணி?"

மார்லிஸ் சுவரைப் பிடித்துக்கொண்டாள். நரிப்பள்ளத்தில் ஒன்பதாவது கூடை மேட்டுக்கு அந்தப் பக்கம், எறிபவர் கண்ணுக்குத் தெரியாது. முன்னால் போனவர்கள் முடித்துவிட்டு மணியடித்தால்தான் பின்னால் நிற்பவர்கள் எறியலாம். பழைய பள்ளிக்கூட மணி ஒன்றை வாங்கிக் கம்பத்தில் மாட்டியவள் அவள்தான். மற்ற இரண்டு மைதானங்களிலும் மணி கிடையாது.

"நரிப்பள்ளம்," என்றாள்.

"விளையாடாதே மார்லிஸ்!" டுவேன் கத்தினான். "செத்தாலும் அங்க கால் வைக்க மாட்டேன்னு என் முன்னாடி சொன்னவன் அவன். மணி கேட்டுதான்னு எனக்கே நிச்சயமில்ல. உன் மைதானத்துப் பெருமைக்கு அவனைக் கொன்னுடாதே!"

அவளுக்கும் அதே பயம்தான். அந்த மணி டுவேனின் காதுக்குள் மட்டும் அடித்திருந்தால், அண்ணனைத் தன் வாயாலேயே சாகடித்தவள் ஆகிவிடுவாள்.

"நரிப்பள்ளத்துக்கே போங்க ஷெரிஃப். ஒன்பதாவது கூடை."

ஹெக்லண்டை ஏற்றிக்கொண்டு பனிவண்டி கிளம்பிப் போனது. டுவேன் அவள் பக்கம் திரும்பவே இல்லை. ஊற்றிய காபி இருவர் கையிலும் ஆறிப்போனது. ஐம்பது நிமிடம் கழித்து, வெளியே புயல் ஊளையிடத் தொடங்கியபோது வயர்லெஸ் கரகரத்தது.

"ஆள் கிடைச்சாச்சு. மணிக்கம்பத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுக் கிடக்கார். கால் உடைஞ்சிருக்கு, ஆனா பேச்சு நல்லா வருது. பொழைச்சுக்குவார்."

மார்லிஸுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "புயல் வர்ற நேரத்துல தனியா ஆட வந்தியான்னு கேளுங்க அந்தக் கிறுக்கனை! அதுவும் என் புதருக்குள்ள! எத்தனை தட்டு தொலைச்சான்னும் கேளுங்க!"

ஹெக்லண்ட் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"ஆட வரலை போல மார்லிஸ். இவர்கிட்ட தட்டு ஒண்ணுகூட இல்ல, பனி வழிக்கிற மண்வெட்டிதான் கிடக்கு. ஒன்பது மேடை சுத்தமா இருக்கு, பத்தாவது பாதியில நிக்குது. அப்பவே சொல்ல வந்தேன்... மைதானத்துல பனி வழிக்க நம்ம கவுண்டியில ஆளே கிடையாது."