தயிர்சாதக் குண்டான்

சமையலறை மூலையில் கிடந்த எடை மெஷின் பெருமூச்சு விட்டது. “அம்சவேணிக்கு இந்த வாரமும் எடை கூடியிருக்கிறது. அதற்கு என்னைத் திட்டுகிறாள். கோளாறு மெஷினாம், நாளைக்குப் பழைய இரும்புக்காரனுக்குப் போடப் போகிறாளாம்.”

“என்னைக் குறை சொல்லாதே,” என்று சலித்துக்கொண்டது சின்னத் தட்டு. “டயட்டுக்கென்றே என்னை வாங்கினாள். ஒரு கரண்டி சோறு, கொஞ்சம் பொரியல். அதற்குமேல் என்மேல் ஒரு பருக்கை விழுந்ததில்லை.”

“பிள்ளைகள் மிச்சம் வைப்பதெல்லாம்?”

“வீணாகிவிடுமே என்று நின்றபடியே வழித்து வாயில் போட்டுக்கொள்வாள். அதெல்லாம் சாப்பாடா என்ன?”

மெஷின் அலுப்போடு தொட்டிக்குள் எட்டிப் பார்த்தது. கழுவப் போட்டிருந்த தயிர்சாதக் குண்டான் கண்ணில் பட்டது.

தேய்க்காமலேயே அது பளபளவென்று இருந்தது.