இரண்டாவது தோட்டா

கோய் பென்னர் இனி ஆயுளுக்கும் சிறையை விட்டு வெளியே வரப்போவதில்லை என்று டெக்சஸின் அந்தச் சின்ன ஊரே முடிவு கட்டிவிட்டது.

திங்கட்கிழமை துப்பாக்கி கிளப்பில் லமார் கென்ட்ரியின் சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டான் கோய். புதன்கிழமை காலை லமார் தன் கொட்டகை வாசலில் பிணமாகக் கிடந்தான். உடம்பில் இருந்த தோட்டாக்கள் கோயின் குட்டைக் குழல் ரைபிளிலிருந்து வந்தவை.

"அன்னைக்கு அது என்கிட்டயே இல்லீங்க. வெர்லின் பட்டறையில ரிப்பேருக்குக் கிடந்துச்சு" என்று அழுதான் கோய்.

துணை ஷெரீஃப் மரிசெல் ஒகானா விசாரிக்க வந்தபோது வெர்லின் ஸ்ட்ரவுட் மேஜைமேல் போட்ட காலை எடுக்கவில்லை. உலகத்தில் தன்னை விட்டால் துப்பாக்கி தெரிந்தவன் இல்லை என்ற நினைப்பு. அதிலும் ஒரு பெண் வந்து கேட்பதாவது!

"செவ்வாய்க்கிழமை சாயந்திரம் அவசரம்னு தூக்கிட்டுப் போனான் அம்மணி. வியாழக்கிழமை காலையிலதான் திரும்பக் கொண்டாந்தான்."

"சீட்டு ஏதாவது?"

"தெரிஞ்சவங்களுக்கு ஏது சீட்டு? கை குலுக்கினா போதும். லமார்கூட என் வேலையைத் தகர டப்பா வேலைன்னு ஊரெல்லாம் சொன்னவன். பாவம், போய்ச் சேந்துட்டான்."

"எங்க லேப்ல சுட்டுப் பாத்தாங்க. நல்லாத்தானே ஓடுது? அப்புறம் எதுக்கு ரிப்பேர்?"

வெர்லினுக்குச் சுருக்கென்றது. காலை இறக்கினான்.

"ஏன் நல்லா ஓடுதுன்னு கேளுங்க! இன்டர்நெட்ல எவனோ சொன்னான்னு, வெடிமருந்துப் புகையை, அதான் கேஸை, அளந்து விடற திருகை இறுக்கிட்டான் அந்த மடையன். பஃபரையும் இருக்கறதுலயே கனமானதாப் பாத்துப் போட்டுட்டான்."

"பஃபர்னா?"

"பின்னால போய் வர்ற எடைக்கட்டை. அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு? குட்டைக் குழல்ல சுட்டா வர்ற கேஸுக்கு அந்தக் கனத்தைத் தள்ளத் தெம்பு வேணாமா? ஒண்ணு வெடிக்கும், ரெண்டாவது தோட்டா சிக்கிக்கும். உக்காந்து நோண்டி எடுக்கணும். கிளப்புல அவனுக்கு 'ஒத்தவெடி'ன்னே பேரு!"

சொல்லிவிட்டுத் தானே சிரித்தான்.

"வியாழக்கிழமை மத்தியானம் ரெண்டு மணி நேரம் உக்காந்தேன். பஃபரை மாத்தினேன். கேஸை அளவா விட்டேன். இப்ப தையல் மெஷினாட்டம் ஓடுது."

ஒகானா தலையைச் சொறிந்தாள். "புதன்கிழமைக்கு முன்னாடி கோயே அதைச் சரி பண்ணியிருக்கலாம் இல்லையா?"

"அவனா? அவனுக்குச் சைக்கிள் செயின் மாட்டத் தெரியுமான்னு கேளுங்க!"

"வேற யாராவது?"

"இந்த வட்டாரத்துல வேற எவன் இருக்கான்? வியாழக்கிழமை காலையில நானே சுட்டுப் பாத்தேன். அப்பவும் ரெண்டாவது தோட்டா சிக்குச்சு. யார் கையும் படல. என் கை பட்ட பெறகுதான் அது துப்பாக்கியாச்சு."

"கோர்ட்டுலயும் இதைச் சொல்வீங்களா?"

"எங்க வேணா சொல்றேன்."

அவள் ஒவ்வொரு வார்த்தையாக எழுதி நீட்டினாள். வெர்லின் வாசித்துப் பார்த்து, 'என் கை பட்ட பிறகுதான்' என்ற வரியை மட்டும் இன்னொரு முறை ரசித்துவிட்டுப் பெரிதாகக் கையெழுத்துப் போட்டான். கோயின் கதை முடிந்தது என்று அவனுக்கு நிம்மதி.

காகிதத்தை மடித்துப் பையில் வைத்த ஒகானா, இடுப்பிலிருந்து கைவிலங்கை எடுத்தாள்.

"இது எதுக்கு?"

"லமார் சம்சாரம் சமையல்கட்டுல இருந்து எண்ணியிருக்காங்க சார். மூச்சு விடுற இடைவெளிகூட இல்லாம ஏழு வெடி. புதன்கிழமை காலையிலேயே அந்த ரைபிள் சரியாத்தான் ஓடியிருக்கு."

அதைச் சரிசெய்யத் தெரிந்த ஒரே ஆள் யார் என்பதற்குச் சாட்சிக் கையெழுத்து ஏற்கெனவே அவள் பைக்குள் இருந்தது.